சாமி மாடத்தில் வைத்த உறை

தோகாஷிசான் ஜப்பானில் எங்கள் ஹிமி ஊரில் பதினோரு தொண்டு அமைப்புகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுத்தவர். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. தனியாக வாழும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் எங்கள் ஹிதாமாரி அந்தப் பதினொன்றில் ஒன்று. மொத்தம் அறுபத்து மூன்று பேர். நான் முதியோர் பராமரிப்பில் பயிற்சி பெற்றவள். யாருக்கு எப்படிச் சமைக்க வேண்டும் என்று சொல்வது என் பொறுப்பு.

அவர் வருவதற்கு முன் அந்த விவரமெல்லாம் நாலு நோட்டுகளில் இருந்தது. அவர் அதை ஒரே அட்டவணையாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். யாருக்குக் கூழாக, யாருக்குப் பொடியாக நறுக்கி, யார் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவதால் நத்தோ என்ற புளித்த சோயாவைத் தொடக் கூடாது, எல்லாம் அதில் இருந்தது. வண்டி ஓட்டுகிறவர்கள் போனிலேயே பார்த்துக்கொண்டார்கள். வேலை நாள்காட்டி, குழுச் செய்தி, கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். வந்த பிறகு யாருக்கும் சாப்பாடு மாறிப் போனதில்லை. நோட்டுகளைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டது நான்தான்.

"இந்தக் கணக்குக்கு இன்னொருத்தர் பேரும் உரிமையாளரா இருக்கணும்," என்று கூட்டந்தோறும் கேட்பார். நாங்கள் எல்லோரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்ப்போம்.

"நீங்களே வச்சுக்குங்க வாத்தியாரே. நாங்க தொட்டா வெடிச்சிடும்," என்பார் தலைவி ஹமாதானிசான்.

"எனக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"உங்களுக்கா? எங்க எல்லாரையும் அனுப்பி வச்சிட்டுத்தான் நீங்க கிளம்புவீங்க."

போன இலையுதிர் காலத்தில் அவர் சலித்துப்போய், பூட்டைத் திறக்கும் அவசர எண்களை அச்சடித்து, வெள்ளை உறையில் போட்டு ஒட்டி, மேலே தன் சிவப்பு முத்திரையைக் குத்திக் கொடுத்தார். "ரொம்ப முக்கியமான இடத்துல வைங்க," என்றார். ஹமாதானிசான் அதை அலுவலகச் சாமி மாடத்தில், வெள்ளைத் தாளில் சிவப்பு முத்திரை குத்திய கோயில் காப்புச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு முறை கைதட்டிக் கும்பிட்டார்.

ஜனவரி பதினைந்தாம் தேதி, போன வருஷத்துச் சீட்டுகளைக் கோயில் தீயில் சேர்க்க வேண்டும். மாடத்தில் வெள்ளையும் சிவப்புமாக இருந்ததையெல்லாம் ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனதும் நான்தான். தீ நன்றாக எரிந்தது.

மார்ச்சில் தோகாஷிசானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. அடுத்த வாரம் அலுவலகக் கம்ப்யூட்டர் வழக்கமான சோதனைக்காக எங்களை வெளியே தள்ளி, அவர் போனுக்கு அனுப்பிய எண்ணைக் கேட்டது. ஓட்டுகிறவர்களின் போன்களிலும் அட்டவணை மூடிக்கொண்டது. சாமி மாடத்தில் புதுச் சீட்டு மட்டுமே இருந்தது. அட்டவணையை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு எழுதினோம். உரிமையாளரே நேரில் விண்ணப்பிக்க வேண்டும் என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது.

ஹமாதானிசானும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் தோகாஷிசான் இடது கையால் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நம்பர் என்ன வாத்தியாரே?"

"சரிங்க," என்றார். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொல் அதுதான்.

நான் தாளில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை எழுதிக் காட்டினேன். மூன்றைத் தொட்டார். மறுபடியும் மூன்று. மறுபடியும். தப்பு என்று அவருக்கே தெரிந்தது. விரல் வேறெங்கும் போகவில்லை.

"கட்டை விரலை வச்சா திறக்குமே," என்றார் ஹமாதானிசான்.

"எந்தக் கை?"

தோகாஷிசான் இடது கையால், மடங்கிக் கிடந்த வலது கையைத் தூக்கி என் முன்னால் வைத்தார். இறுகின கையை விரலைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினேன். விரல்கள் தாமாகத் தளர்ந்தன. உள்ளங்கை வியர்வையில் ஊறி வெளுத்து, தோல் உரிந்திருந்தது. துடைத்து, காயவைத்து, கட்டை விரலை வைத்தேன். ரேகை படியவில்லை. ஐந்தாவது முறைக்குப் பிறகு போன் ஆறு இலக்க எண்தான் வேண்டும் என்றது.

"ஏதாவது போட்டுப் பாருங்களேன். பொறந்த நாளு?"

"வேண்டாம். பத்துத் தடவை தப்பாப் போட்டா எல்லாத்தையும் அழிக்கிற மாதிரி வச்சிருக்கேன்னு இவரே சொல்லியிருக்காரு."

"சரிங்க," என்றார் தோகாஷிசான். கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். கைக்குள் ஒரு துண்டைச் சுருட்டி வைத்துவிட்டுக் கிளம்பினோம்.

வீடு வீடாகக் கேட்டோம். பாதிப் பேருக்குத் தங்கள் மாத்திரையின் பெயரே தெரியவில்லை. டாக்டர்கள் எங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஒருவருக்குத் தொண்டையில் அடைத்தால் போயிற்று. அதனால் இப்போது அறுபத்து மூன்று பேருக்கும் கூழ்தான், நத்தோ யாருக்கும் இல்லை.

"எனக்குப் பல்லு முப்பத்திரண்டும் இருக்கும்மா, ஒரு துண்டு மீன் குடு," என்று நேற்று துறைமுகத் தெருக் கிழவர் வாயைத் திறந்தே காட்டினார். எண்ணிப் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் தோகாஷிசானுக்கும் கூழ்தான்.