குறை சொன்னால்தான் ஒப்பிட்டு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். அவளைப் பற்றியே சொல்வதால் நடுநடுவே முறைக்கிறாள். முறைத்துக்கொண்டே எழுதட்டும்.

பேத்தி பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். சனிக்கிழமை காலையில் கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு, அவளைப் போலவே ஆராய்ச்சி செய்கிற மூன்று பேர் வருவார்கள். ஒருவர் சோமனூர்க்காரர், அவர் வீட்டில் தறி ஓடுகிறது. இவர் பங்குச் சந்தையை ஆராய்கிறார். வெள்ளகோவில் பெண் ஒருத்தி. இன்னொருவர் காலேஜ் வாத்தியார், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இன்னும் மாணவர். யாரோ எழுதிய கட்டுரையை வாரம் முழுக்கப் படித்துவிட்டு வந்து, அதைப் பற்றிப் பேசுவதுதான் வேலை. நாற்பது பக்கம் இருக்கும், ஒரு படம் கிடையாது, வெறும் கோடு மேலே ஏறிக் கீழே இறங்கும். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேட்டுக் கேட்டு ஒன்று கண்டுபிடித்தேன். படிக்காமல் வந்தவர்தான் ரொம்ப மரியாதையாகப் பேசுவார்.

"நீங்க சொல்லுங்க."

"அய்யோ, நீங்க மொதல்ல சொல்லுங்க."

படித்துவிட்டு வந்தவரும் அதே மரியாதையோடு இருந்ததுதான் வம்பு. மனசு புண்படுமே என்று யாரும் யாரையும் குறையே சொல்லமாட்டார்கள்.

பேத்தியின் ஆராய்ச்சித் திட்டத்தைக் கமிட்டி ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டது. மறுபடியும் திரும்பினால் ஒரு வருடம் வீண். புதன்கிழமை கமிட்டி என்றால், முந்தின சனிக்கிழமை இவர்கள் முன்னால் பேசிப் பார்த்தாள். மஞ்சள் விவசாயிகள் சிலர் விற்காமல் வீட்டிலேயே வைத்திருக்கிறார்களே, ஏன் என்பது அவள் கேள்வி. அதற்காக ஈரோடு மஞ்சள் மார்க்கெட்டில் ஒரு மாதம் நின்று, வந்தவர்களையெல்லாம் விசாரித்திருந்தாள்.

"அருமைங்க" என்றார் வாத்தியார்.

"சூப்பருங்க அக்கா."

சோமனூர்க்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

பேத்தி சமையல்கட்டுக்கு வந்து கண்ணைத் துடைத்தாள். "போன தடவையும் இவங்க நல்லாருக்குன்னு சொல்லித்தான் போனேன், அம்மிச்சி."

அன்றைக்கு ஒப்பிட்டு போட்டிருந்தேன், மற்ற ஊர்க்காரர்கள் போளி என்பார்களே, அதுதான். கடலைப்பருப்பில் போட்டது. என் மகள் துவரம்பருப்பில் போடுவாள், அதை ஒப்பிட்டு என்று சொல்வதற்கில்லை, அது கிடக்கட்டும். பேத்தியைக் கூட்டிவந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க சாமி, ஆளுக்கொரு கொறை சொன்னாத்தான் ஒப்பிட்டு."

"கொறைன்னு ஒண்ணுமே இல்லீங்க, அம்மிச்சி."

"அப்ப வாத்தியாருக்குக் காப்பி மட்டுந்தானுங்க."

"எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குங்க" என்றாள் வெள்ளகோவில் பெண். அதற்குப் பாதி பிய்த்துக் கொடுத்தேன்.

சோமனூர்க்காரருக்கு நெய் வாசம் தாங்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. மார்க்கெட்டுக்கு வந்தவங்களத்தானுங்க கேட்டிருக்கீங்க? விக்காம ஊட்ல வெச்சிருக்கறவங்க அங்க எதுக்குங்க வரப்போறாங்க?"

பேத்தி எழுந்து நின்றாள். "இது எப்ப தெரியும் உங்களுக்கு?"

"மூணு மாசமாங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்…"

கையிலிருந்த தாளைச் சுருட்டி அவர் தலையில் நாலு போடு போட்டாள். நான் அவருக்கு இரண்டு ஒப்பிட்டு வைத்தேன்.

அதைப் பார்த்ததும் வாத்தியார் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். ஒன்பது குறை, போன மாதமே எழுதி வைத்ததாம்! ஒப்பிட்டு தீர்ந்தபிறகும் குறை மிச்சமிருந்தது.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செவ்வாய் வரை கொடுமுடிப் பக்கம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நானும் கூடவே போனேன், என்னை யாரால் தடுக்க முடியும். ஒருவர் மகள் கல்யாணத்துக்கு என்று மூட்டையை அடுக்கி வைத்திருந்தார். ஏன் விற்கவில்லை என்று இன்னொருவரைக் கேட்டால், "எம்பட சம்சாரம் இன்னும் விக்கச் சொல்லலீங்க" என்றார். பேத்தி அதையும் எழுதிக்கொண்டாள்.

கமிட்டியில் முதல் கேள்வியே வீட்டில் வைத்திருப்பவர்களைப் பற்றித்தானாம். பேத்தி மூன்று நாள் விசாரித்ததை எடுத்து வைத்தாள். இனி ஊர் ஊராகப் போய்க் கேட்கவேண்டும் என்று சொல்லி, திட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சந்தோஷத்தில் ஒரு தட்டு நிறைய ஒப்பிட்டு போட்டு வைத்தேன். சோமனூர்க்காரர் ஒரு வாய் கடித்தார்.

"அம்மிச்சி, தப்பா நெனைக்காதீங்க. போன வாரத்தைவிட வெல்லம் கம்மிங்க."

"ஓரமும் கொஞ்சம் கெட்டிங்க" என்றார் வாத்தியார், யாரும் கேட்காமலே.

தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்க பாருங்க சாமி, கட்டுரைக்குத்தான் அந்தச் சட்டம். ஒப்பிட்டுக்கு நல்லாருக்குன்னுதான் சொல்லோணும்."