அணுவை அடக்கும் பெட்டி

படிப்பக நண்பர்களே, இன்று கம்பைநல்லூர் பஸ்ஸில் நடந்ததை நானே எழுதி இங்கே ஒட்டியிருக்கிறேன்.

பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்துப் பெண் ஒருத்தி மடியில் பெட்டி வைத்திருந்தாள்.

"மேல போடும்மா" என்றார் கண்டக்டர்.

"குலுங்குனா கெட்டுப்போயிடுங்க. கம்ப்யூட்டர் சொல்றபடி ஒரேயொரு அணுவ அசையாம புடிச்சு வெக்கிற பெட்டிங்க."

"எந்தக் கயித்துலம்மா கட்டுவ?" என்றேன்.

"கரண்டுலதாங்க தாத்தா."

"கரண்டு போனா?"

"அணு ஓடிடுங்க."

கண்டக்டர் பெட்டியைப் பிடித்து இழுத்தார். நான் எழுதப் பழகும் முதியோர் வகுப்புச் சாக்பீஸை என் பையிலிருந்து எடுத்து, பெட்டிமேல் பெரிதாக எழுதினேன்: 'அணுவை அடக்கும் பெட்டி'.

கண்டக்டர் படித்தார். கையை எடுத்தார். முன்சீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் போய் நின்றார்கள். பெட்டி தனி சீட்டில் பயணம் செய்தது.

என் எழுத்து விளங்கவில்லை என்று இன்னும் சொல்பவர்கள் கீழே கையெழுத்திடவும். இடம் விட்டிருக்கிறேன்.