நயவுரைக்கு ஒதுக்கிய பத்து நிமிடம்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒருவர் கவிதைப் புத்தகம் போட்டால் அதற்கு வெளியீட்டு விழா வைப்போம். மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி வழங்கல், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. புத்தகம் மெலிந்ததாக இருந்தாலும் நிகழ்ச்சி நிரல் மெலியாது. ஆகவே எங்களுக்குப் பிடித்த கிற்றார்க் கலைஞர் தன் முதலாவது தனி இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, அவரை எப்படிக் கொண்டாடுவது என்று நாங்கள் அதிகம் மண்டையை உடைக்கவில்லை. ஒரு மனிதரை மேடையேற்றி மரியாதை செய்ய எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

நாங்கள் என்றால் முதலில் மூன்று பேர். நான், பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த காத்தான்குடித் தோழி, கரடியனாற்றில் மோட்டார் சைக்கிள் திருத்தும் ஓர் அண்ணன். கைபேசியில் ஒரு ரசிகர் குழு தொடங்கி அதில் ஓயாமல் சண்டை பிடித்தோம். சண்டை பார்த்து ஆட்கள் சேர்ந்தார்கள்.

அந்தக் கலைஞரை நான் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் பழுகாமம். வாவியின் அக்கரையில் கைவிட்ட ஒரு நெல் ஆலைக்குள் அவருடைய ரொக் இசைக்குழு ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் வாசித்துப் பழகும். கச்சான் காற்று மேற்கே இருந்து அடித்தால் எங்களுக்கு ஒன்றும் வராது. கிழக்கே இருந்து கொண்டல் என்றால் தண்ணீருக்கு மேலால் கிற்றார் மட்டும் வரும். பாடகரின் குரல் பாதி வழியில் மூழ்கிவிடும், டிரம்ஸ் வெறும் இடியாகக் கேட்கும், கிற்றார் மட்டும் முழுசாகக் கரையேறும். நான் கணிதப் பயிற்சிக் கொப்பியோடு கரையில் இருந்து கேட்பேன். அவர்கள் திருவிழா மேடைகளில் வாசித்தபோது அம்மா என்னை விடவில்லை. நான் பல்கலைக்கழகம் போன வருடம் குழு பிரிந்துவிட்டது. பாடகர் கனடா போனார். டிரம்ஸ் வாசித்தவருக்கு அரசாங்க வேலை கிடைத்தது. கிற்றார்க்காரர் இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. பிறகு, பாட்டே இல்லாமல் கிற்றார் மட்டும் பேசுகிற ஏழு துண்டுகளை இணையத்தில் போட்டார்.

எங்கள் சண்டை அதைப் பற்றித்தான். குழுவில் இருந்தபோது அவர் பாடகரை இரண்டு வரி பாட விடமாட்டார். இடையில் புகுந்து கிழித்துவிடுவார். தனி இசையில் அந்தக் கரகரப்பு இல்லை. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு, அது தானாக ஓயும் வரைக்கும் காத்திருக்கிறார்.

"இது கிற்றாரா, தண்ணிக் குழாய் ஒழுகிறதா?" என்று எழுதினார் கரடியனாற்று அண்ணன். "கோஷ்டியோட இருக்கக்குள்ள மனிசன் புலி. இப்ப பூனை."

"உங்களுக்கு சைலன்சர் இல்லாத பைக் மட்டுந்தான் இசை" என்று எழுதினேன்.

"ரெண்டு பேரும் சும்மா இரிங்க" என்று தோழி எழுதினாள். "எனக்கு அதும் புடிக்கும், இதும் புடிக்கும். அல்லாஹ் ரெண்டு காது தந்திருக்கான்."

விழா என்று முடிவானதும் நயவுரை எனக்கு வந்தது. நயவுரை என்றால் படைப்பை நயந்து, அதன் நல்லதையும் உள்ளதையும் விரித்துச் சொல்வது. மேடையில் ஏறுகிறவர்களில் உண்மையாகவே படைப்பைப் படித்தவர் அவர் ஒருவர்தான் என்று எங்கள் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். நான் பதினான்கு பக்கம் எழுதினேன். தோழி அதை ஆறாகக் குறைக்க வைத்தாள். எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை எழுதியதும் நான்தான் முதல், பட்டம் வாங்கியதும் நான்தான் முதல். அம்மா இரண்டாம் வகுப்போடு வயலுக்கு இறங்கியவர். பட்டமளிப்புக்கு இரண்டு பேரைத்தான் விட்டார்கள், மற்றவர்கள் எல்லாம் வாசலோடு நின்றுவிட்டார்கள். இந்தத் தடவை வாசல் தடை இல்லை. என் ஆட்கள் என் பேச்சைக் காதால் கேட்கப் போகிறார்கள். எனக்கு அந்தப் பத்து நிமிடம் பட்டத்தை விடப் பெரிதாக இருந்தது.

அம்மா அதை எங்கள் வயல் வட்டை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அறுவடைக்கு வந்த பெண்கள் வரம்பில் என்னை நிறுத்தி, "மைக்கில கதைக்கப் போறியாமே கா?" என்று கேட்டார்கள். சித்தப்பாவின் வேனில் பதினொரு பேர் வருவதாக முடிவாயிற்று.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, நகரத்தில் வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் விழா. அடுத்த நாள் அந்த மண்டபத்தில் கல்யாணம், ஆறு மணிக்குச் சோடிக்கிறவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று மணி நேரம் எதற்கும் காணும் என்று நினைத்தோம். நாங்கள் செய்த பிழை, பிரதி பெறுவோர் பட்டியல். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி ஒருவருக்கு, சிறப்புப் பிரதிகள் இன்னும் சிலருக்கு. ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, மேடைக்கு வரச்செய்து, கையில் கொடுத்து, படம் எடுக்க வேண்டும். யாரை விட்டாலும் கோபம் வரும். விடாமல் எழுதிக்கொண்டே போனதில் பட்டியல் நாற்பது பேரைத் தாண்டிவிட்டது.

இன்னொரு சிக்கல், கொடுப்பதற்குப் புத்தகம் இல்லை. இசை இணையத்தில் இருக்கிறது. பென் ட்ரைவில் ஏற்றி, சின்னச் சின்னப் பெட்டியில் போட்டு, வெற்றிலைத் தட்டத்தில் அடுக்கினோம். முதற்பிரதி வாங்கிய ஐயா பெட்டியைத் திறந்து பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"இதில எத்தனை பக்கம், மகள்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏழு பாட்டு, ஐயா."

"சின்ன எழுத்துப் போல" என்று சொல்லி, படத்துக்காக அதை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

தலைவர் ஓய்வுபெற்ற ஒரு பாடசாலை அதிபர். தலைமையுரையில் ஆதித் தமிழர்களின் யாழில் தொடங்கினார். கிற்றார் வந்து சேர நாற்பது நிமிடம் ஆயிற்று. வாழ்த்துரைக்கு மூவர். மூவரும் "நேரத்தின் அருமை கருதி" என்று தொடங்கினார்கள். கலைஞர் மேடையின் ஓரத்தில் பொன்னாடையோடு, மடியில் கிற்றாரை வைத்துக்கொண்டு மூன்று மணியில் இருந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாசிப்பை நாங்கள் நிரலில் கடைசியாக, நன்றியுரைக்கு முன் போட்டிருந்தோம். நல்லதைக் கடைசியில் வைப்பதுதானே முறை.

கடைசிப் பெட்டி கைமாறியபோது மணி ஐந்து நாற்பது. சோடிக்கிறவர்கள் பிளாஸ்டிக் பூக்களோடு பின் கதவால் வந்துவிட்டார்கள். ஒரு ஏணி மண்டபத்துக்குக் குறுக்கே நடந்து போனது. தலைவர் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு ஒரு துண்டுக் கடதாசியை என் கையில் வைத்தார். "சுருக்கவும்" என்று எழுதியிருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பேசின ஆண்கள் ஒருவருக்கும் இந்தத் துண்டு போகவில்லை. முன் வரிசையில் அம்மா புதுச் சாறியில், கைபேசியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பக்கத்தில் சின்னம்மா, அதற்குப் பின்னால் வேனில் வந்த மிச்ச ஆட்கள். சுருக்க மாட்டேன் என்று முடிவெடுத்தேன். ஆறு பக்கத்தையும் விரித்து வைத்து, மைக்கைச் சரிசெய்து, முதல் வரியை வாசித்தேன்.

"ஒரு கலைஞர் கூட்டத்தில் இருந்து வெளியே வரும்போது எதை விட்டுவிட்டு வருகிறார் என்பதைக் கேட்கத் தெரிந்தவரே ரசிகர்."

நல்ல வரி. இப்போதும் சொல்கிறேன், நல்ல வரி. அம்மா தலையாட்டினார். அடுத்த வரிக்குப் போகும்போது கடைக்கண்ணில் ஏதோ அசைந்தது. கலைஞர் கிற்றாரில் இருந்து வயரைக் கழற்றிவிட்டார். முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் இடையில் அதை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை. ஐந்து நாற்பதுக்கு நயவுரை தொடங்கினால் ஆறு மணிக்கு என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் அவருடைய தனி இசையின் மௌனங்கள் பற்றி ஒரு பந்தி இருக்கிறது. அதை நான் வாசித்தால் அந்த மௌனங்களை இங்கே ஒருவரும் கேட்கப் போவதில்லை. அம்மாவைப் பார்க்காமல் மைக்கில் சொன்னேன்.

"அண்ணா, வயரைச் சுத்தாதீங்க."

மண்டபம் சிரித்தது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எனக்குப் பத்து நிமிசம் தந்திருக்கிறாங்க. அதை உங்களுக்குத் தாறன். ஏற்புரையையும் கிற்றாரிலயே சொல்லுங்க. நன்றியுரையை நாங்க கைபேசிக் குழுவில போடுறம்."

தலைவர் எழும்பப் பார்த்தார். தோழி தண்ணீர்ப் போத்தலோடு போய் அவர் முன்னால் நின்றுகொண்டாள். நான் ஆறு பக்கத்தையும் மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அவர் பொன்னாடையைக் கதிரையில் போட்டார். செருப்பைக் கழற்றினார். வயரைத் திரும்பக் குத்தியபோது அம்ப் ஒருதரம் உறுமியது, ஏணிக்காரர் நின்றார். முதலில் தொகுப்பின் மூன்றாவது துண்டை வாசித்தார். கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமான துண்டு. ஆனால் விரல்களை நான் பார்த்ததில்லை. ஒரு சுரத்தைத் தட்டிவிட்டு இடது கையை நரம்பில் இருந்து எடுக்காமல் மெல்ல ஆட்டுகிறார். அதனால்தான் அந்தச் சத்தம் சாகாமல் நீள்கிறது. எனக்கு அது தெரியாது. ஆறு பக்கத்தில் எங்கேயும் அதை நான் எழுதவில்லை.

அது ஓய்ந்ததும் பின்னால் இருந்து கரடியனாற்று அண்ணன் கத்தினார். "பழசு ஒண்டு வாசிங்கண்ணே! உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்!"

"பாட ஆள் இல்லையே" என்றார் கலைஞர். அன்று அவர் மேடையில் பேசிய முதலாவது வார்த்தை அது.

"நாங்க என்னத்துக்கு இரிக்கிறம்?"

அவர் சிரித்துவிட்டுக் காலால் ஒரு பெடலை மிதித்தார். கரகரப்பு வந்தது. குழுவின் பழைய பாட்டு. அண்ணன் எடுத்துக் கொடுத்தார், சுருதி எங்கேயோ போனது, ஒருவரும் கவலைப்படவில்லை. பல்லவியில் முழு மண்டபமும் பாடியது. பாடகரை இரண்டு வரி பாட விடாத மனிதர் அன்று எங்களையும் விடவில்லை. இடையில் புகுந்து கிழித்தார். பூக்கூடையோடு நின்ற பெண் கூடையில் தாளம் போட்டாள். முதற்பிரதி ஐயா பென் ட்ரைவ் பெட்டியை முழங்காலில் தட்டினார். நான் தொண்டை கட்டும் வரை கத்தினேன். குழு பிரிந்ததில் இருந்து நான் இழந்ததாக நினைத்திருந்த எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வந்து சேர்ந்தது. ஆறு பத்துக்குத்தான் மண்டபத்தை விட்டோம். சோடிக்கிறவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அம்மாதான் சொன்னார். வேனில் ஏறும் வரைக்கும் வாயை இறுக்கி வைத்திருந்தவர், கதவு சாத்தியதும் தொடங்கினார்.

"ஒரு வரி. ஒரே ஒரு வரி சொல்லிற்று இறங்கிற்றா. நான் இதுக்கா புதுச் சாறி உடுத்து வந்த?"

"நேரம் இல்லம்மா. அவர் வாசிச்சது நல்லா இல்லையா?"

"அது நல்லாத்தான் இரிந்த. அதயா நான் கேட்ட? வரம்பில நிண்டு இவளுகள் கேப்பாளுகளே, மகள் என்ன கதைச்ச எண்டு. நான் என்னத்தச் சொல்ல? வயரச் சுத்தாதீங்க எண்டு கதைச்ச எண்டு சொல்லவா?"

சின்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வேன் கல்லடி தாண்டியதும் அம்மா என் மடியைத் தட்டினார்.

"எழுதினது கையிலதானே இரிக்கி? வாசி."

"இஞ்சயா?"

"ஓம், இஞ்சதான். சித்தப்பாக்குச் சொல்லு, அந்தப் பாட்டக் கொஞ்சம் மெதுவா வைக்கட்டும்."

சித்தப்பா புதிய பென் ட்ரைவை வேனில் குத்தியிருந்தார். உள்விளக்கைப் போட்டுவிட்டார். நான் இருக்கையில் திரும்பி முழங்காலில் நின்று, பதினொரு பேரைப் பார்த்து முதல் வரியில் இருந்து வாசித்தேன். தலைவர் இல்லை, துண்டுக் கடதாசி இல்லை. விளங்காத இடத்தில் நிறுத்தினார்கள். "சுருதி எண்டா என்ன, சொல்லிற்றுப் போ" என்றார்கள். களுவாஞ்சிகுடிச் சந்தியில் ஒரு பக்கம் முழுவதையும் இரண்டாம் தரம் வாசிக்க வைத்தார்கள். பட்டிருப்புப் பாலத்தில் நான்காம் பக்கம் வந்தது. குழுவில் வாசித்ததை விடத் தனி இசையே உயர்ந்தது என்று நான் நிறுவுகிற பக்கம்.

"நிப்பாட்டு" என்றார் அம்மா. "அது பிழை."

"என்ன பிழை?"

"கடைசியா எல்லாரும் சேந்து பாடின பாட்டுத்தான் திறம். தனிய வாசிச்சது வடிவுதான், இல்ல எண்டு சொல்லல்ல. ஆனா அதுக்குள்ள நமக்கு இடமில்ல. மத்ததில நான் பாடின."

"நீங்க பாடினீங்களா?"

"பின்ன?"

வேனில் சண்டை தொடங்கிவிட்டது. சின்னம்மா என் பக்கம், சித்தப்பா அம்மா பக்கம். ஒருவருக்கும் என் பட்டத்தின் மேல் மரியாதை இல்லை. நான் எழுதியதை மட்டும் ஒவ்வொரு வரியாகப் பிடித்து இழுத்தார்கள். நான்காம் பக்கம் முடிவதற்குள் வேன் எங்கள் வாசலில் நின்று, எஞ்சினும் அடங்கிவிட்டது. இன்னும் இரண்டு பக்கம் இருந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

"வாசி, கிளி" என்றார் அம்மா.