அடுத்த மேஜையில் அத்தை மகள்

ரெக்ஸ் மாதிரி டை கட்டுகிற ஆள் தேனி பைபாஸ் ரோட்டிலேயே கிடையாது என்று அடித்துச் சொல்லலாம். அவன் சேர்ந்தது ஏலக்காய் ஏற்றுமதி செய்கிற கம்பெனி. மேனேஜரே சட்டையை வெளியே விட்டுக்கொண்டுதான் வருவார். ஆனால் பயிற்சிக்குச் சேர்ந்த இந்தப் பயல், கோம்பைக்குப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் மாறி, பஸ் மாறி, கசங்கிப்போய் வந்து இறங்கினாலும், முதல் வேலையாக ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் குனிந்து டையை நேராக்கிக்கொள்வான். வண்டிக்காரர் டீக்கடையிலிருந்து, "தம்பி, மாப்பிள்ள அழைப்பு எங்கன?" என்று கேட்பார். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

எல்லாம் காலேஜில் கற்றுக்கொண்டது. வேலைக்குப் போகிற பிள்ளைகள் எப்படி உட்காரணும், எப்படி நிற்கணும், எப்படிக் கை குலுக்கணும் என்று சொல்லிக்கொடுக்கக் கடைசி வருசம் மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். மற்றப் பிள்ளைகள் பின்பெஞ்சில் கொட்டாவி விட்டார்கள். ரெக்ஸ் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்கிற மாதிரி கேட்டான். பெல்ட்டும் ஷூவும் ஒரே நிறம் என்றார், வாங்கினான். நகத்தில் அழுக்கு ஆகாது என்றார். அப்பா பீட்டர்ராஜோடு திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கப் போவதை அன்றோடு விட்டான். கூட வேலை பார்க்கிற பெண்களைப் பற்றி உடுப்பு, உடம்பு என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது, கேலி கூடவே கூடாது என்றார். அதற்கும் தலையாட்டினான். சும்மா ஆட்டவில்லை, மனசாரத்தான் ஆட்டினான்.

அந்த அம்மா ஒன்றை மட்டும் சொல்லவில்லை. சொல்லணும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த மேஜையில் அத்தை மகள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்யணும் என்று எந்தக் காலேஜில் பாடம் நடத்துகிறார்கள்?

அருள்செல்வி அவனுக்கு ஒன்றுவிட்ட அத்தை மகள். ஒரே தெரு, ஒரே கோவில். அவளும் அதே மாதம் அதே கம்பெனியில் சேர்ந்தாள். அவளுடைய அப்பா கேரளாவில் ஏலத்தோட்டத்தில் கங்காணி, கிறிஸ்துமசுக்குத்தான் வருவார். வீட்டில் அம்மா சகாயராணி சொன்னதுதான் சட்டம். பிள்ளையைத் தேனிக்கு வேலைக்கு அனுப்ப அவள் முதலில் சம்மதிக்கவே இல்லை. "நம்ம ரெக்சு கூட இருக்கான்லத்தா, பெறகென்ன பயம்?" என்று பீட்டர்ராஜ் சொன்ன பிறகுதான் தங்கச்சிக்காரி மனசு இறங்கினாள்.

அந்த ஊரில் முறைப்பெண்ணைக் கேலி பண்ணாமல் போனால்தான் தப்பு. பேசாமல் கடந்து போனால், "என்ன மருமகனே, எங்க மேல என்ன கோவம்?" என்று அத்தைமாரே மறித்துக் கேட்பார்கள். அந்தோணியார் திருவிழாவில் மஞ்சத்தண்ணி ஊற்றுவதும், கடையில் நிற்கிறவளை "ஏ பொண்டாட்டி" என்று கூப்பிட்டு ஊரே சிரிக்க வைப்பதும் முறைக்காரனுக்கு உரிமை மட்டுமில்லை, மரியாதையும்கூட. ரெக்ஸ் பத்து வயசிலிருந்து அந்த மரியாதையை அருள்செல்விக்குக் குறைவில்லாமல் செய்துவந்தவன்.

ஆபீசில் மற்றப் பெண்கள் முன்னால் பாருங்கள், அவன் சம்மனசு, வானத்திலிருந்து இறங்கிய தேவதூதன்! கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்பான், மேடம் போடாமல் பேச மாட்டான். அருள்செல்வி என்று வந்தால் மட்டும் அவன் வாய் ஊருக்குப் போய்விடும். அவள் புதுச் செருப்புப் போட்டு வந்தால், "யாரு வாங்கிக் குடுத்தா, எனக்குத் தெரியாம?" என்பான். அவள் சோற்று டப்பாவைத் திறந்தால் கேட்காமல் கருவாட்டை எடுப்பான். அவள் அவனை ஆபீசில் மச்சான் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, முதல் வாரத்திலிருந்தே "ரெக்ஸ், இத செக் பண்ணுங்க" என்று சொன்னாள். அதைக் கேட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னது, ங்கவா? ஏ, ஒங்காத்தாகிட்டச் சொல்றேன் இரு" என்றான். அட கூறுகெட்டவனே, அப்பவாவது உனக்கு உறைத்ததா?

ஆறு மாதப் பயிற்சி முடியப் போகிற சமயம் அது. முடிந்தால் வேலை நிரந்தரம். மகன் நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கப் போகிறான் என்று பீட்டர்ராஜ் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மருந்து டேங்கைத் தோளில் சுமந்து சுமந்து அவருக்கு இருமல் நிற்காமல் இருந்தது. ரெக்சுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் அந்த டை, அந்த ஷூ எல்லாம்.

கொச்சியிலிருந்து சரக்குப் பார்க்க ஆட்கள் வந்த அன்றைக்குத்தான் வினை வந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த மலையாளத்து அம்மா ஏலக்காயைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரெக்ஸ் பழக்கதோசத்தில் குரல் கொடுத்தான்: "ஏ பொண்டாட்டி, அந்தப் பெரிய சாம்பிள் தட்ட இங்கன கொண்டா."

அருள்செல்வி கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மா அவளைப் பார்த்து, மலையாளம் கலந்து, "ஹஸ்பெண்டா மோளே?" என்று சிரித்தபடி கேட்டார்.

"இல்ல மேடம்."

"பின்னே?"

அருள்செல்வி முகம் சிவந்து, தட்டை வைத்த வேகத்தில் வெளியே போய்விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று ரெக்ஸ் நினைத்தான். அந்த அம்மா அப்படி நினைக்கவில்லை. கிளம்புகிறபோது, உங்கள் கம்பெனியில் பெண்பிள்ளைகளை இப்படித்தான் நடத்துவீர்களா என்று முதலாளியிடமே கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் ரெக்சுக்கு அழைப்பு வந்தது. ஊழியர் விவகாரமெல்லாம் பார்க்கிறவர் ரஃபியா. உத்தமபாளையத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர்.

"அருள்செல்விய நீங்க என்னன்னு கூப்பிடுறீங்க?"

ரெக்சுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தானா! "மேடம், அது எனக்கு அத்தை மக. முறை மேடம். நீங்களும் நம்ம பக்கந்தானே, ஒங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எனக்கும் மச்சான்மார் இருக்காக." அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளைய நான் தனியாக் கேக்கப் போறேன். விளையாட்டுத்தான்னு சொன்னா ஒங்களுக்கு ஒரு எச்சரிக்கை, அதோட முடிஞ்சிரும். பிடிக்கலன்னு சொன்னா, பயிற்சியோட நிறுத்திக்கிறச் சொல்லி மொதலாளி உத்தரவு."

ரெக்ஸ் நிம்மதியாக வெளியே வந்தான். கேட்கப் போவது அருள்செல்வியிடம். அவளாவது, தன்னைக் காட்டிக்கொடுக்கவாவது! மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டான்.

சாயங்காலம் அவள் அந்த அறையிலிருந்து வந்ததும் மாடிப்படியில் மறித்தான். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். எனக்குப் பிடிக்கலன்னு."

"ஏ செல்வி, வெளையாடாத. நாம என்ன இன்னைக்கு நேத்தா? ஊர்ல எத்தனை வருசமா..."

"ஊர்லயும் பிடிக்கல." அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "மஞ்சத்தண்ணி ஊத்துறப்ப அழுதிருக்கேன். எல்லாரும் வெக்கப்படுறான்னு சிரிச்சாக. ஒருத்தராவது, ஒனக்குப் பிடிக்குதான்னு கேட்டாகளா? இங்கன கேட்டாக. சொன்னேன். ஒன் வேல போகணும்னு சொல்லல மச்சான், கேட்டதுக்குச் சொன்னேன்."

அவள் இறங்கிப் போனாள். ரெக்ஸ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கோபப்படப் பார்த்தான், வரவில்லை. அழப் பார்த்தான், அதுவும் வரவில்லை. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு கோவில் சுவரோரமாக ஓடிய திருவிழாக்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. எல்லாவற்றிலும் அவன்தான் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். முகத்தைப் பார்த்தே அம்மா மதலேனாள் பிடித்துவிட்டாள். அம்மாவுக்குத் தெரிந்தால் அப்பாவுக்குத் தெரிந்த மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பீட்டர்ராஜ் மகனையும் இழுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனார்.

விசயத்தைக் கேட்டதும் சகாயராணி ஆடித் தீர்த்தாள். "அடி சண்டாளி, மொறமாப்பிள்ள கூப்பிட்டதுக்கா ஆபீசரம்மாட்டப் போயி பிராது குடுத்த? அண்ணன் பெத்த பிள்ள வயித்துல அடிச்சிட்டியேடி!" என்று மகள் முதுகில் ரெண்டு வைத்தாள். அருள்செல்வி தடுக்கவும் இல்லை, அழவும் இல்லை.

"அடிக்காதத்தா, விடு" என்று பீட்டர்ராஜ் இருமிக்கொண்டே எழுந்தார். நல்ல மனுசர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அதுதான் இதில் கொடுமை. "நான் ஒண்ணு சொல்றேன். பொண்டாட்டின்னு கூப்பிட்டதுதானே குத்தம்? நெசமாவே பொண்டாட்டியாக்கிப்புட்டா எவன் கேக்கப் போறான்?"

சகாயராணி "எண்ணே!" என்று அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாக ஆகிவிட்டாள். மதலேனாளுக்கு ஆள் போனது, கேரளாவுக்குப் போன் போனது. எங்கேயோ ஒளித்துவைத்திருந்த சீனி வெளியே வந்தது.

அருள்செல்வி ரெக்சைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவள் பார்த்த ஒரே ஆள் அவன்தான். அவன் பேசணும் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அவனுக்குத் தெரிந்தது. வருத்தம் தெரிவித்து மேலதிகாரிக்கு எப்படி எழுதுவது, கருத்து வேறுபாட்டைப் பணிவாக எப்படிச் சொல்வது என்று மதுரை அம்மா கற்றுக்கொடுத்த இங்கிலீசு வாக்கியமெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அப்பா முன்னால், அத்தை முன்னால், தமிழில் "வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அத்தை அவன் வாயில் சீனியைப் போட்டாள்.

திங்கட்கிழமை லட்டும் வாழைப்பழமும் வைத்த தட்டோடு பெரியவர்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளையும் ரஃபியா முன்னால் நிறுத்தி, பங்குச் சாமியாரிடம் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லியாகிவிட்டது என்றார்கள். ரஃபியா தட்டைத் தொடவில்லை. அருள்செல்வியைத் தனியே விடச் சொன்னார். "எங்களுக்குத் தெரியாம என்ன மேடம் பேச்சு?" என்று சகாயராணி மகள் கையைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

"ஒனக்குச் சம்மதமாம்மா?" என்று ரஃபியா கேட்டார்.

அருள்செல்வி ரெக்சைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்து, "ஆமா மேடம். அன்னைக்கு நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள்.

"கல்யாணம் கட்டப் போற பிள்ளைக்கு இனி எதுக்கு மேடம் வேல?" என்று சகாயராணி சொல்லிவிட்டு, மகளை அப்படியே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளையால் தன் மேஜைப் பக்கம்கூடத் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

வியாழக்கிழமை ரெக்சுக்கு வேலை நிரந்தரமானது. உத்தரவை ரஃபியா மேஜை மேல் அவன் பக்கமாகத் தள்ளிவைத்தார். அடுத்த மேஜையில் சின்னமனூர்க்காரப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான். ரெக்ஸ் வெளியே வந்து, லாரிகள் போகிற சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு அருள்செல்விக்குப் போன் போட்டான். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தான். எடுத்துவிட்டாள்.

"வேல கெடச்சிருச்சா?" என்றாள்.

"ம்" என்றான். "செல்வி, நான் வேணும்னு செய்யல. சத்தியமா இப்படி ஆகும்னு..."

"தெரியும்."

"இப்ப என்ன பண்ண?"

"நான் வேணாம்னு சொன்னா அடிக்கிறாக. நீ சொன்னாக் கேப்பாக. ஆம்பளப் பிள்ள, வேல பாக்குறவன். கல்யாணம் வேணாம்னு ஒங்கப்பாகிட்ட நீ சொல்லு. சொல்றியா?"

சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கல்யாணம் நின்றால் அந்தப் புகார் மறுபடி எழுந்திருக்கும், கையிலிருக்கிற உத்தரவு போகும், அப்பா மறுபடி மருந்து டேங்கைத் தூக்கணும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவன் வாயைத் திறந்தான். ஒரு லாரி போனது, இன்னொரு லாரி போனது.

அருள்செல்வி காத்திருந்தாள். அவள் மூச்சு விடுவது அவனுக்கு நன்றாகக் கேட்டது. அப்புறம், "சரி மச்சான், அம்மா கூப்பிடுறாக" என்று சொல்லி அவளே போனை வைத்துவிட்டாள்.