வெளியேறாத குளிர்

சுன்லியான் அக்காவின் தலைமுடியில் எப்போதும் புகை வாசம். சீனாவில் எங்கள் கிச்சுன் ஊரில் பாதிப் பேரிடம் அது இருக்கும். இங்கே வயலில் விளைவதும் கடையில் எரிவதும் மாசிபத்திரி மூலிகைதான். ஆனால் அவளுடைய வாசம் குளித்தாலும் போவதில்லை. நூற்பாலை மூடியதும் நேராக இந்தச் சூட்டு வைத்தியக் கடைக்கு வந்தவள். நான் கல்லாவில் உட்காருகிறேன். அவள் உள்ளே, படுத்திருப்பவர்களின் தொப்புள் மேல் மரப்பெட்டியை வைத்து, அதனுள் மாசிபத்திரிச் சுருட்டைப் பற்றவைக்கிறாள்.

சூடு வைத்துப் போனவர்கள் சாயங்காலம் போன் செய்வார்கள். வயிறு உருளுகிறது, வாயு பிரிகிறது, இளக்கமாகப் போகிறது. அவள் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லுவாள்: உள்ளே இருக்கும் குளிர் வெளியேறுகிறது, நல்லதுதான், வெந்நீர் குடியுங்கள். பெரும்பாலும் மறுநாள் சரியாகிவிடும்.

இலையுதிர்காலத்தில் அவளுக்கே வயிறு போக ஆரம்பித்தது. மத்தியானம் கடை ஓய்ந்ததும் தானே பெட்டியை வைத்துப் படுத்துக்கொள்வாள். நிற்கவில்லை. நிற்காததால் இன்னும் வைத்தாள். குளிர்காலம் வந்தபோது இடுப்பில் நிற்காத கால்சட்டையை நாடா போட்டுக் கட்டியிருந்தாள். கஞ்சியைத் தவிர எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் நூற்பாலையில் ஈரத்தில் நின்ற வருஷங்களைச் சொல்வாள். அத்தனை குளிரும் லேசில் போகுமா என்பாள்.

வாரம் தவறாமல் வரும் தாவோ, பழைய படகோட்டி, ஒருநாள் படுத்தபடியே கிண்டல் செய்தார். "உனக்குள்ள அப்படி எவ்வளவு குளிர்தான் இருக்கு? ஆறே வத்தியிருக்கும் இந்நேரம்."

"நீங்க பேசாம படுங்க மாமா, சாம்பல் விழுந்துடும்."

அப்போதுதான் போன் வந்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர். போன வாரம் வயிற்றுக்குச் சூடு வைத்துக்கொண்டவள். அன்றிலிருந்து தினமும் போகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றாள். நான் போனை உள்ளே கொண்டுபோய் அக்காவின் காதில் வைத்தேன். வழக்கமான பதிலை ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். சுருட்டின் சாம்பல் நீண்டுகொண்டே போனது.

"இனிமே வைக்காதீங்க டீச்சர். ஒருநாள் போனா பரவாயில்ல. இவ்வளவு நாள் போகக்கூடாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தாவோ கண்ணைத் திறக்காமலே கேட்டார். "டீச்சருக்கு ஆஸ்பத்திரி. உனக்கு மட்டும் பெட்டியா?"

அக்கா அவருக்கு வைத்த சூட்டை முடித்து, சுருட்டை மணலில் குத்தி அணைத்தாள். பிறகு சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு என்கூட வர்றியா?" என்று என்னிடம் கேட்டாள். "தனியாப் போக அலுப்பா இருக்கு."

போனோம். எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டதும் அவள் தரையைப் பார்த்தாள், நான்தான் சொன்னேன். குடலில் புண்ணாம். சூட்டால் வந்ததா என்று அவள் மெல்லக் கேட்டாள். அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் அதை நம்பிக் காத்திருந்ததில் புண் பெரிதாகிவிட்டது என்றார் டாக்டர். நீண்ட நாள் மருந்து.

இப்போது அரை நாள்தான் வருகிறாள். போன் செய்பவர்களிடம், நாளைக்கும் நிற்காவிட்டால் இங்கே வராதீர்கள், டாக்டரிடம் போங்கள் என்கிறாள். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. மத்தியானத்தில் பழைய கட்டிலில் படுக்கிறாள். வயிற்றின் மேல் மடித்த துண்டு மட்டும்.

பெட்டியை எடுத்து வரட்டுமா என்று பழக்கத்தில் ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"வேண்டாம். சும்மா படுத்திருக்கேன்," என்றாள்.