கோட்டைக் கதவுக்கு அந்தப் பக்கம்

ஐம்பது வயது தாண்டிய என் அப்பா, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எப்போது வெளிவரும் என்று காத்துக்கொண்டிருந்தார். சொன்னால் நம்பமாட்டார்கள். பிள்ளைகள் காத்திருந்தார்கள் என்றால் நம்புவார்கள். எங்கள் வீட்டில் பிள்ளை நான் ஒருத்திதான். எனக்கு அந்த விளையாட்டில் பெரிய ஈடுபாடு ஒன்றும் இருக்கவில்லை.

ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை. லேத்தில் கடைசல் முடிந்து வருகிற உருப்படிகளைச் சரிபார்த்து, தேறியதா தேறவில்லையா என்று சொல்லுவார். சர்க்கரை வியாதி வந்து பல வருஷமாகியும் அதை அவர் ஒரு வியாதியாகவே நினைக்கவில்லை. கேன்டீனில் சர்க்கரை போட்டே இரண்டு டீ குடிப்பார். பிறகு அளவுகோலில் உள்ள கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தெரிய ஆரம்பித்தன. கொஞ்ச நாள் யாரிடமும் சொல்லாமல் சமாளித்திருக்கிறார். மேலதிகாரிகளுக்குத் தெரிந்தபோது வேறு வேலைக்கு மாற்றினார்கள். அங்கே போய் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருமுல்லைவாயிலில் வாடகை வீட்டுக்கு வந்தோம். தொண்ணூறுகளின் கடைசி அது. நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. ஆவடி மார்க்கெட் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருந்த பூந்தமல்லி பாய் ஒருவர், பழைய சாமான்களைச் சேர்த்து எனக்காகக் கட்டிக் கொடுத்தது. அவர்தான் ஒருநாள் கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடி ஒன்றைக் கொடுத்தார். “பாடத்துக்கு எதுனா கீதான்னு பாரு தங்கச்சி” என்றார். பாடத்துக்கு ஒன்றும் இல்லை. ஒரு விளையாட்டின் டெமோ இருந்தது.

வாள் வைத்திருக்கும் ஒருவன். வெள்ளம் வந்து பாதி முழுகிய ஒரு நாடு. அவனை நாம் மவுஸால் நடத்திக்கொண்டு போகவேண்டும். சண்டை போடப் போட அவனுக்குப் பலம் கூடும். வழியில் பார்க்கிறவர்களிடம் பேசி, யாருக்கு உதவுவது, யாரை விட்டுவிடுவது என்று நாமே முடிவு செய்யவேண்டும். டெமோவில் ஒரு கிராமமும் ஒரு சதுப்பு நிலமும் மட்டும். சதுப்பைத் தாண்டினால் ஒரு கோட்டை வாசல் வரும். அங்கே போய் நின்றால் திரை இருண்டு, முழு விளையாட்டு விரைவில் என்று எழுத்து வரும்.

நான் ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பின்னால் நாற்காலியில் இருந்த அப்பா, “இன்னொரு தபா போடு” என்றார்.

போட்டேன். மானிட்டருக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தார்.

“யாரு செஞ்சது இத்த?”

“வெளிநாட்டுல ரெண்டு அண்ணன் தம்பிங்கப்பா. கம்பெனியெல்லாம் கிடையாதாம். வேலைக்குப் போயிட்டு வந்து வீட்லயே செய்யறாங்களாம்.”

“ஊட்ல குந்திகினா?”

“ஆமாம்பா.”

“ரெண்டே பேரு குந்திகினு இவ்ளோ செஞ்சிகீறானுங்களா!” அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை வேலையை விட்ட பிறகு நான் பார்த்ததே இல்லை.

மவுஸைப் பிடிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார். காலையில் நான் கிளம்பும்போது கிராமத்தில் இருப்பார். சாயங்காலம் வந்து பார்த்தால் சதுப்பில் இருப்பார். அந்த வாள்காரன் வாளை ஓங்குவதற்கும் அது இறங்குவதற்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. எதிரியின் அடி அதற்குள் விழும். அப்பா அதைப் பழகிக்கொண்டு, அடி படாமலே கோட்டை வாசல்வரை போய்விடுவார். அங்கே திரை இருளும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பார்.

“உள்ள இன்னா கீதோ” என்பார்.

அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. “பொழுதன்னிக்கும் அந்தப் பொட்டியவே மொறைச்சிகினு கீறாரு. கீற கண்ணும் பூடும்” என்று என்னைத் திட்டுவாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும் சொன்னாள். அவர் அப்பாவின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார்.

“அதைப் பாக்கறதால ஒண்ணும் ஆகாதும்மா. பாக்காம இருந்தாலும் நிக்காது. உள்ள ரத்தக்குழாய் கசியுது, எல்லாம் சர்க்கரை பண்ற வேலை. லேசர் வச்சுப் பாப்போம். இருக்கற வரைக்கும் பாக்கட்டும்.”

ரயிலில் திரும்பும்போது அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். கொரட்டூர் தாண்டியதும், “அதான் சொல்ட்டாரே, கீற வரிக்கும் பாக்கலாம்னு” என்றார். கிண்டலாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அப்புறம் அவர் நிஜமாகவே காத்திருக்க ஆரம்பித்தார். அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. வாரத்தில் ஒருநாள் காலேஜ் விட்டு வரும்போது அங்கே இறங்கி, அந்த அண்ணன் தம்பிகளின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கவேண்டும். பக்கம் மேலிருந்து கீழே மெதுவாக, கோடு கோடாக வரும். சில வாரம் புதிதாக ஒரு படம் போட்டிருப்பார்கள், கோட்டைக்குள் ஒரு தெருவோ, புது எதிரி ஒருவனோ. பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு வந்து சொல்லுவேன். செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவார், “போட்டானுங்களா?” என்று.

மழைக்காலத்துக்குள் வந்துவிடும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். பிறகு, கடைசிப் பகுதி எங்களுக்கே திருப்தியாக இல்லை, மறுபடி செய்கிறோம் என்று எழுதினார்கள். கேட்டுவிட்டு அப்பா தலையாட்டினார். “கரெக்ட்டு. தேறாத பீஸை வெளிய உடக் கூடாது. வேலைக்காரன்னா இவன் வேலைக்காரன்.”

அந்தப் பொங்கலுக்கு அடுத்த வாரம் அவருடைய வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. காலையில் எழுந்து, “எவனோ மையக் கொட்டிட்ட மாரி கீது” என்றார். ஆபரேஷன் செய்தார்கள். கறுப்பு விலகியது, பார்வை வரவில்லை.

இடது கண்ணோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். படம் பெரிதாகத் தெரியும்படி மாற்றிக் கொடுத்தேன். வெளிச்சத்தை முழுக்க ஏற்றினேன். மூக்கு மானிட்டரில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்து அதே கிராமம், அதே சதுப்பு. இப்போது அடி படத் தொடங்கியது. வாள்காரன் செத்துச் செத்து விழுந்தான். அப்பா முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

மறுபடியும் தள்ளிப்போட்டார்கள். தம்பிக்காரனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். வந்து சொன்னேன்.

“அவனுங்களுக்கு இன்னா அவசரம்?” என்றார் அப்பா. “கண்ணு நல்லா கீது.”

அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கிட்டே கூப்பிட்டார். “ஏம்மா, அதுல அவனுங்களுக்கு எழுதிக் கேக்கலாமா? இந்த மாரி, எங்கப்பாவுக்குக் கண்ணு போய்கினு கீது, கொஞ்சம் ஜல்தியா முடிச்சிக் குடுங்கோன்னு.”

“கேக்கலாம்பா. நாளைக்கே எழுதறேன்.”

அடுக்களைக்குள் போய் அம்மாவிடம் நின்றிருந்தேன். அப்பா நாற்காலியில் இருந்தே குரல் கொடுத்தார். “வாணாம்மா. எழுதாத. பிச்ச கேக்குற மாரி கீது.”

நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வயதில் நிறைய யோசித்திருக்கிறேன். ஒன்றும் ஆகியிருக்காது. அவர்கள் இரண்டு பேர். அவர்களும் எங்கோ ஒரு வீட்டில் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

வெயில் காலத்தில் இடது கண்ணும் மங்கியது. முதலில் எழுத்து போயிற்று, பிறகு முகங்கள். வாசலில் ஆள் வந்து நிற்பது நிழலாகத் தெரியும், யார் என்று தெரியாது. அப்போதும் வாரம் தவறாமல், “போட்டானுங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நானும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரால் சொல்லமுடியும்?

ஒருநாள் அந்தப் பக்கத்தில், முடிந்துவிட்டது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பிரவுசிங் சென்டரில் என்னைச் சுற்றி யார் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பணத்தில் கட்டினால் தபாலில் சிடி அனுப்புவார்களாம். அதற்கு எங்களுக்கு வழி தெரியவில்லை. பாய்தான் யாரையோ பிடித்து ஒரு பிரதி எடுத்துத் தரச் சொன்னார். அது வந்து சேருவதற்குள் தீபாவளி போய்விட்டது.

பாயே மொபெட்டில் சிடியைக் கொண்டுவந்தார். வாசலில் இருந்தே, “நைனா, வந்துடுச்சு! நீ கேட்டுகினே இருந்தியே!” என்று சிரித்துக்கொண்டு நுழைந்தார். அப்பா எழுந்து, நாற்காலியின் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் திரும்பினார். பாயின் சிரிப்பு நின்றுவிட்டது.

“எப்பலேர்ந்து அண்ணாத்தே?”

“அது கெடக்கு. நீ போடு.”

பாய் சிடியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் கிளம்பினார். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிராமத்தைத் தாண்டினேன். சதுப்பில் பலமுறை செத்தேன். ஒவ்வொரு முறையும் அப்பா, “ஓங்கறப்போ பின்னாடி வா, பின்னாடி வா” என்று கத்தினார். எனக்குக் கை வரவில்லை. எப்படியோ கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை திரை இருளவில்லை. கதவு திறந்தது.

“தொறந்துச்சா?” கதவின் சத்தம் அவருக்குக் கேட்டிருந்தது.

“தொறந்துச்சுப்பா.”

“உள்ள இன்னா கீது?”

“தெரு கீதுப்பா. கல்லு போட்ட தெரு. தண்ணி நிக்குது. ரெண்டு பக்கமும் வீடு.”

“எந்த மாரி ஊடு?”

எந்த மாதிரி வீடு என்று சொல்ல முயன்றேன். உயரமா இருக்கு, ஓட்டு வீடு மாதிரி, ஆனால் ஓடு இல்லை, ஒரு ஜன்னலில் விளக்கு. சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் குழம்பியது. நான் சொன்னதை வைத்து அவரால் எதையும் கட்ட முடியவில்லை என்று தெரிந்தது. அதற்குள் இருட்டிலிருந்து ஒருவன் ஓடிவந்து வாள்காரனை வெட்டிவிட்டான்.

“இப்டி குடு” என்று கையை நீட்டினார்.

மவுஸை அவர் கைக்குள் வைத்தேன். தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கவனித்தபடி ஆட ஆரம்பித்தார். வாள்காரன் தெருவில் நாலடி வைத்து ஒரு சுவரில் போய் முட்டினான். அங்கேயே நின்று சுவரை வெட்டினான். உலோகம் கல்லில் படும் சத்தம் திரும்பத் திரும்ப வந்தது. “சுவருப்பா” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருக்கே அந்தச் சத்தம் புரிந்துவிட்டது. விரல்கள் மெதுவாக நின்றன.

“அணைச்சிடு” என்றார்.

அணைத்தேன். அதற்குப் பிறகு அந்த விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பிரவுசிங் சென்டருக்குப் போனேனா என்றும் கேட்கவில்லை. வெள்ளானூர் பக்கம் இருந்த அத்தை வந்து, கோயிலுக்கு வேண்டிக்கொள்ளலாம் என்றபோது சிரித்தார்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருந்தார்கள். இடது கண்ணில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தையாவது காப்பாற்ற இன்னொரு லேசர். அம்மா விடியற்காலையிலேயே எழுந்து, இட்லியைக் கட்டி, பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி, வெளியே போகிற புடவை கட்டி ரெடியாக நின்றாள். அப்பா பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சட்டையப் போட்டுக்கோங்க. வண்டி பூடும்.”

“நான் வர்ல.”

“இன்னாத்துக்கு?”

“இனிமே இன்னாத்தப் பாக்கணும்?” என்றார்.

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்திருக்கவேண்டும். ஆவடியிலிருந்து வரும் ரயில் ஸ்டேஷனில் நின்று கிளம்பிப்போகிற சத்தம் கேட்டது. அம்மா இன்னும் கொஞ்ச நேரம் வாசற்படியருகே நின்றாள். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டு, தோளில் முந்தானைக்குக் குத்தியிருந்த பின்னை எடுத்தாள்.