பீரோவில் இருந்த பிரேக் ஆயில்

அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அவளுக்குத் தெரியக்கூடாத விஷயம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் அது தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அண்ணனின் ரேஸ் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலக்குளத்தில் நான் மோட்டார் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகை முழுக்க அண்ணனின் சாம்ராஜ்யம். வார நாட்களில் கம்பெனி வேலைக்குப் போவான். மிச்ச நேரமெல்லாம் அந்தப் பழைய சின்னக் காரின் அடியில்தான் படுத்துக் கிடப்பான். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, அதை ரேஸ் கார் ஆக்கியிருந்தான். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள டிராக்கில் ஓட்டுவான். ஊரில் அவனவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பீச்சுக்குப் போகிறான், இவன் மட்டும் ஒரே ரோட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறானே என்று நான் வாயாரத் திட்டியிருக்கிறேன். ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவான்.

அவனுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. வேகம் இல்லை, பிரேக்.

"வேகமா போறது எவன் வேணா போவான்டா. கரெக்டா நிக்கிறான் பாரு, அவன்தான் டிரைவர்" என்பான். வளைவுக்கு முன்னால் எல்லாரும் பிரேக் பிடித்த பிறகுதான் இவன் பிடிப்பான், ஆனால் ஒரு முழம்கூடத் தவற மாட்டான். டிராக்கில் அவனுக்கு அதற்கென்றே ஒரு மரியாதை இருந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஒரு வித்தையில் அவன் கெட்டிக்காரன்தான்.

அதனால் பிரேக் ஆயில் விஷயத்தில் அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ரேஸில் பிரேக் நெருப்பாய்க் காயும். சாதாரண ஆயில் அந்தச் சூட்டில் கொதித்துவிடும். கொதித்தால் குழாய்க்குள் குமிழி கட்டும், குமிழி கட்டினால் பெடல் தொளதொள என்று உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. கடைக்கு வருபவர்கள் பாட்டிலில் போட்டிருக்கும் நம்பரைப் பார்த்து, "நாலை விட அஞ்சு பெருசுதானே, அதையே குடு" என்பார்கள். அஞ்சு என்பது வேறு சாதி எண்ணெய், நாலு ஊற்ற வேண்டிய வண்டியில் அதை ஊற்றவே கூடாது. அண்ணன் நாலிலேயே, சீக்கிரம் கொதிக்காத ரேஸ் ஆயிலாகத் தேடிப்பிடித்துச் சென்னையிலிருந்து வரவழைப்பான். அதில் ஒரு தொல்லை. எந்த அளவுக்குச் சூடு தாங்குமோ அந்த அளவுக்கு அது ஈரத்தையும் இழுக்கும். எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். காலையில் பொரித்த அப்பளம் மத்தியானச் சாப்பாட்டுக்குள் தோலாய்ப் போய்விடும். மூடி திறந்த பிரேக் ஆயிலும் அப்படித்தான். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும், உள்ளே தண்ணீர் ஏறியிருப்பது கண்ணுக்குத் தெரியாது.

ஆகவே சின்னப் பாட்டிலாக, சீல் உடைக்காததாக மட்டுமே வாங்குவான். ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் பழையதை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றிவிட்டுப் புதுசு ஏற்றுவான். திறந்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் கழிவு எண்ணெய் டின்னுக்குப் போய்விடும். என் ஸ்கூட்டருக்குக்கூடத் தர மாட்டான்.

எங்கே வைப்பது என்பது அடுத்த பஞ்சாயத்து. கொட்டகை ஒழுகும். கடையில் ஷட்டர் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். வீட்டில் ஈரம் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான், அம்மாவின் இரும்பு பீரோ. பட்டுப் புடவைகளுக்கு நடுவே, நாப்தலின் உருண்டை வாசனையில், பிரேக் ஆயில் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அம்மா முதலில் முணுமுணுத்தாள். அப்புறம் அவளே ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள்.

"இதுல அப்படி இன்னாடா இருக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இதான்மா என்னை நிறுத்துது. இது நல்லா இருந்துச்சுன்னா உன் புள்ள முழுசா வூட்டுக்கு வந்துடுவான்" என்றான் அண்ணன். விளையாட்டாகத்தான் சொன்னான்.

அம்மாவின் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குர்ஆன் ஓதி, ஒரு கிண்ணம் தண்ணீரில் மெல்ல ஊதுவாள். காய்ச்சல் என்றால் அதைக் குடிக்கத் தருவாள், பரீட்சை என்றால் முகத்தில் தெளிப்பாள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா வாடகைக் கார் ஓட்டிய காலம் முழுக்க, வண்டியை எடுக்கும் முன் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி ரேடியேட்டருக்குப் போகும். அத்தா கடைசிவரை ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. சர்க்கரை வியாதியில் கட்டிலில் படுத்துத்தான் மவுத்தானார். அதனால் அந்தத் தண்ணீரின் மேல் அம்மாவுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. எங்களுக்கும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை நானும் அண்ணனும் ஆயில் மாற்ற உட்கார்ந்தோம். தனி ஆளாய்ச் செய்கிற வேலை இல்லை அது. நான் காருக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், அவன் ஒவ்வொரு சக்கரமாகத் திருகைத் திறந்து பழையதை வெளியே விட வேண்டும். புதுப் பாட்டிலின் சீலை உடைத்து மேல் டேங்கில் கொஞ்சம் ஊற்றியிருந்தோம், ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குக்கூடப் பாட்டிலைக் கொட்டகையில் விட அவனுக்கு மனசு வரவில்லை. மூடியை இறுக்கி, அம்மாவிடம் கொடுத்து, "பீரோல வைம்மா, காத்து படக் கூடாது" என்றான். தொழுதுவிட்டு வந்ததும் அம்மா எடுத்துத் தந்தாள். மிச்ச வேலையை முடித்தோம். நாலு சக்கரத்துக்கும் புது ஆயில் ஏறியது. பெடல் கல்லு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் முதல் சில சுற்றுகள் நன்றாகத்தான் போயின. பிறகு, நீளமான நேர் ரோடு முடிந்து வளைகிற இடத்தில் அண்ணன் பிரேக்கை மிதித்தான். பெடல் அடிவரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி மிதித்தான். மறுபடியும் மிதித்தான். வண்டி சுவரில் போய் மோதியது. கூண்டு இருந்ததால் உயிர் தப்பியது. முதுகெலும்பு தப்பவில்லை. இடுப்புக்குக் கீழே அவனுக்கு இன்று வரை எதுவும் தெரியாது.

டிராக்கில் வண்டியைப் பரிசோதித்தவர்கள், பிரேக் சரியாக இருக்கிறது, ஓட்டியவன் தாமதமாகப் பிடித்திருக்கிறான் என்று முடித்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஆயில் ஆறிவிட்டால் குமிழி அடங்கிவிடும், பெடல் பழையபடி கல்லாகிவிடும். ஆனால் அண்ணனுக்கு அது தாங்கவில்லை. கால் போனதைக்கூட அவன் அவ்வளவு பேசவில்லை. "நான் லேட்டா புடிச்சேன்னு சொல்றானுங்கடா. நானா? நானா லேட்டா புடிச்சேன்?" என்று படுக்கையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். டிராக் ஆட்களுக்குப் போன் மேல் போன் போட்டு, மறுபடி பரிசோதிக்கச் சொல்லிச் சண்டை பிடித்தான்.

கொட்டகையில் அந்தப் பாட்டிலின் மிச்சம், மூடி இறுக்கியபடி அப்படியே கிடந்தது. கொட்ட வேண்டியவன் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து, அப்போதுதான் வீட்டுக் கட்டிலுக்கு வந்திருந்தான். பிரேக் ஆயிலில் தண்ணீர் பார்க்கிற பேனா மாதிரி ஒரு கருவி கடையில் உண்டு. அதை உள்ளே விட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. போலிச் சரக்கு! சென்னை டீலரின் சட்டையைப் பிடித்து உலுக்காமல் விடுவதில்லை என்று அண்ணனிடம் வந்து குதித்தேன். அவன் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு களை வந்தது. "பாத்தியாடா, நான் சொன்னேன்ல" என்றான்.

மறுநாள் காலை நான் கிளம்பும் நேரத்தில் தவளக்குப்பத்திலிருந்து சின்னம்மா வந்திருந்தாள். அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அம்மா அவளைத் தேற்றினாள்.

"அழாதடி. உயிராவது தங்குச்சே. அன்னைக்கு ஓதி ஊதின தண்ணிய அந்த ஆயில் பாட்டில்லயே ஒரு கரண்டி ஊத்தித்தான் குடுத்தேன். அதுதான் புள்ளைய நிறுத்தும்னு அவனே சொல்லியிருக்கான். அல்லாஹ் கைவுடல, புள்ளைய திருப்பிக் குடுத்துட்டான்."

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் கண் சொன்னது எனக்குப் புரிந்தது.

அவர்கள் சமையலறைக்குப் போன பிறகு, "பாட்டில எடுத்துக் கொட்டிடு. சென்னைக்கும் போவாத" என்றான்.

"அப்ப உன் பேரு?"

"போனா போவட்டும். இது தெரிஞ்சா அம்மா ஒரு நாளு கூட இருக்காதுடா."

என் எதிரிலேயே டிராக்குக்குப் போன் போட்டு, தப்பு என் மேல்தான், பிரச்சினையை விட்டுவிடுங்கள் என்று சொன்னான். குரல் நடுங்கவே இல்லை. எனக்குத்தான் தாங்க முடியாமல் கொட்டகைக்குப் போய் அழுதேன்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் அம்மா எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோக்காரர் பிரேக் ஆயில் கேட்டு நின்றார். "ஆயில் டேங்க் மூடி வெடிச்சு மழத்தண்ணி உள்ள எறங்கிடுச்சுப்பா. நல்ல வேள, தப்பிச்சேன்" என்றார்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "தண்ணி எறங்குனா இன்னாப்பா ஆவும்?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அந்த மனிதர் நல்லவர், வயசான அம்மாவுக்கு நிறுத்தி நிதானமாக விளக்கினார். "சூடு ஏறுனா பிரேக் புடிக்காதும்மா. மிதிச்சா காத்த மிதிக்கிற மாதிரி இருக்கும்."

அம்மா டிபன் பாக்ஸைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவள் அண்ணன் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த எண்ணெயில தண்ணி படக் கூடாதாமே? நான் ஊத்துனேனேடா. அதான் பிரேக் புடிக்கலியா?"

அண்ணன் சிரித்தான். எங்கிருந்துதான் அந்தச் சிரிப்பு வந்ததோ.

"அட போம்மா. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு, டிராக்ல எழுதியே குடுத்துட்டானுங்க. நான்தான் மிதிக்கல."

"மிதிக்கலியா?"

"மறந்துட்டேம்மா. வேற ஏதோ நெனப்புல இருந்துட்டேன்."

அம்மாவின் முகம் மாறியது. பயம் இறங்கி, அந்த இடத்தில் கோபம் ஏறியது. கட்டிலில் கிடக்கிற பிள்ளை என்றும் பாராமல் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். "மறந்துட்டியா? பாவி, மறந்துட்டியா?" என்று கதறினாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு சும்மா கிடந்தான்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது ஒன்றுதான் பேச்சு. கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் பிசியோதெரபிக்குப் போகும்போது ஆட்டோவில் கேட்பாள். உணர்ச்சியில்லாத அவன் காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது கேட்பாள். பார்க்க வருகிறவர்களிடம், "இவன் மிதிக்க மறந்துட்டானாம், கேளுங்க இந்த அநியாயத்த" என்பாள். ரேஸ் சிநேகிதர்கள் வந்திருந்தபோதும் சொன்னாள். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வருவதும் குறைந்துபோனது. எனக்குச் சில நாள் உண்மை வாய்வரைக்கும் வந்துவிடும். அண்ணன் ஒரு பார்வையில் என்னை அடக்கிவிடுவான்.

கடைசியாக அம்மா படுக்கையில் விழுந்தபோது அவனை வீல்சேரில் பக்கத்தில் கொண்டுபோய் விட்டேன். அம்மாவுக்குக் குரல் எழும்பவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா மிதிக்கல?" என்றாள்.

"மறந்துட்டேம்மா" என்றான். அடுத்த நாள் மவுத்தானாள்.

மய்யித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்து அடக்கத்துக்குத் தூக்குவதற்கு முன் முகம் காட்டினார்கள். எல்லாரும் பார்த்து விலகிய பிறகு நான் வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போனேன். அண்ணன் குனிந்தான். முடிந்த மட்டும் குனிந்து, அம்மாவின் காதருகே வாயைக் கொண்டுபோனான். துஆ செய்கிறான் என்று நினைத்து அருகில் நின்றவர்கள் கை ஏந்தினார்கள். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"மிதிச்சேம்மா" என்றான். "நல்லா அழுத்தித்தான் மிதிச்சேன்."